வீட்டில் செய்த கப்பல்களும் தரையில் ஒரு கடற்போரும்: புதிதாகத் தொடங்குபவருக்கு

மாதிரிக் கப்பல்களை மேசையிலோ தரையிலோ நிறுத்தி, அளவுநாடா, துண்டுச்சீட்டு, பகடை ஆகியவற்றின் துணையோடு இருவர் ஒரு கடற்சண்டையை நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. சதுரங்கத்துக்கு உள்ளதுபோல இதற்குக் கட்டங்கள் கிடையாது. ஒருவர் காய் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் வழக்கமும் கிடையாது. சதுரங்கக் குதிரை நினைத்த நொடியில் தாவிவிடும். கப்பலோ, திருப்பு என்று ஆணையிட்ட பிறகும் நூற்றுக்கணக்கான கெஜம் வளைந்து ஓடித்தான் திசை மாறும். அந்தத் தாமதத்தையும், எதிரி அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமலே ஆணையிட்டாக வேண்டிய கட்டாயத்தையும் வீட்டுத் தரைக்குக் கொண்டுவருவதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை. கப்பல்களின் அழகு இரண்டாம் பட்சமே. ஆனால் அவற்றை நாமே செய்வதில் ஒரு தனிப் பயன் இருக்கிறது, அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொள்கிறேன். 1914 நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்கு அருகே, ஜெர்மானியக் குரூசரான (வேகமாக ஓடும் நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) எம்டனும் ஆஸ்திரேலியக் குரூசரான சிட்னியும் மோதின. பக்கத்துக்கு ஒரு கப்பல் என்பதால் தொடங்குபவருக்கு இதைவிடத் தோதான சண்டை கிடைப்பது அரிது. எம்டனை நமக்குப் புதிதாக அறிமுகப்படுத்தவும் வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைப் பற்றியெரிய விட்டுவிட்டுப் போன கப்பல் அது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கொரு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். எவரிடமும் பிடிபடாத கெட்டிக்காரனை ‘அவன் சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கமும் அந்த இரவிலிருந்து நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு அளவுகள்

புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம் அளவு விகிதம்தான். மாதிரிக் கப்பல்களை 1:1200 என்ற விகிதத்தில் செய்வதாக வைத்துக்கொள்வோம். 118 மீட்டர் நீளமுள்ள எம்டன் ஏறத்தாழ 9.9 செ.மீ. நீளத்தில் கைக்குள் அடங்கிவிடும். 139 மீட்டர் நீளமுள்ள சிட்னி 11.6 செ.மீ. வரும். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் அன்று முதல் குண்டு பாய்ந்தபோது இரண்டு கப்பல்களுக்கும் நடுவே ஏறத்தாழ 10,000 கெஜம் தூரம் இருந்தது. அந்தத் தூரத்தையும் அதே 1:1200 விகிதத்தில் சுருக்கினால் ஏழரை மீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது எம்டன் கூடத்திலும் சிட்னி தெருவாசலிலும் நிற்க நேரும்.

ஆகவே கப்பலுக்கு ஓர் அளவு, கடலுக்கு வேறோர் அளவு என்று இரண்டு விகிதங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்கிறோம். கடலுக்கு நான் பரிந்துரைப்பது, 1 செ.மீ. என்றால் 100 கெஜம் என்பது. அப்படியானால் 10,000 கெஜம் சரியாக ஒரு மீட்டர் ஆகிவிடும். மூன்று மீட்டர் சதுரத் தரை போதும். இதனால் மாதிரிக் கப்பல் தான் மிதக்கும் கடலைவிட ஏழெட்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். அந்தப் பிழையைச் சமாளிக்க, கப்பலின் முன்கொடிமரம் நிற்கும் புள்ளி மட்டுமே கப்பல், மற்ற மரமெல்லாம் கண்ணுக்கு விருந்து என்று ஆட்டத்துக்கு முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாத் தூரங்களையும் கொடிமரத்திலிருந்து கொடிமரத்துக்கே அளக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ‘முன்முனையான அணியத்திலிருந்து அளந்தாயா, பின்முனையான அமரத்திலிருந்து அளந்தாயா’ என்ற வழக்கிலேயே மாலை கழிந்துவிடும்.

மூன்றாவதாகக் காலத்தையும் சுருக்க வேண்டும், இங்கே ஓர் அழகான தற்செயல் உதவிக்கு வருகிறது. மணிக்கு ஒரு கடல்மைல் ஓடும் வேகத்தை ஒரு நாட் என்கிறார்கள். ஒரு கடல்மைல் ஏறத்தாழ 2,025 கெஜம் என்பதால், 24 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ 2,400 கெஜம் கடக்கிறது. எந்த வேகத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான்: எத்தனை நாட்டோ அத்தனை நூறு கெஜம். மாலுமிகள் மனக்கணக்குக்குப் பயன்படுத்தும் இந்த மூன்று நிமிட விதியை நம் தரைக்குக் கொண்டுவந்தால், ஒரு சுற்று என்பது மூன்று நிமிடம், கப்பல் ஒரு சுற்றில் தன் வேகம் எத்தனை நாட்டோ அத்தனை சென்டிமீட்டர் நகரும் என்றாகிவிடுகிறது. பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 செ.மீ. அளவுகோலே கப்பலின் இயந்திர அறையாகிவிடும். சிட்னிக்கு 25 செ.மீ. கொடுங்கள். எம்டன் கட்டப்பட்டபோது 24 நாட் ஓடக்கூடியது. மாதக்கணக்காகப் பழுதுபார்ப்புத் துறைக்குப் போகாமல், அடிப்பகுதியில் பாசி படியப் படியக் கடலிலேயே அலைந்த கப்பல் என்பதால், என் ஆட்டத்தில் அதற்கு 22 மட்டுமே கொடுக்கிறேன்.

மரத்தை வெட்டும்போது

கப்பலை முழுதாகச் செய்ய வேண்டியதில்லை. நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் பகுதியை மட்டும் செய்தால் அது தரையில் தட்டையாக அமர்ந்து, தண்ணீரில் மிதப்பதுபோலவே தோன்றும். பலர் உடனே பால்சா கட்டையைத் தேடிப் போகிறார்கள். நல்ல மரம்தான், ஆனால் எம்டனுக்கு அதுகூடத் தேவையில்லை. கைவினைப் பொருள் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் ஐஸ்கிரீம் குச்சி 11 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. எம்டனின் அகலம் 13.5 மீட்டர், அதாவது நம் அளவில் 11 மி.மீ. இரண்டு குச்சிகளை ஃபெவிகால் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இரவு முழுவதும் ஒரு கனத்த அகராதியின் அடியில் வைத்தால், காலையில் ஏறத்தாழ கச்சிதமான எம்டன் உடல் கைக்கு வந்துவிடும். இரு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி, அணியத்தில் இன்னொரு துண்டை ஒட்டி ஒரு படி உயர்த்த வேண்டும். சிட்னி சற்றே நீளமும் அகலமும் ஆனதால், மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்க்கும் அகலக் குச்சியை வாங்கி 11.6 செ.மீ. நீளமும் 12.7 மி.மீ. அகலமுமாக அறுத்துக்கொள்ளலாம்.

புகைபோக்கிகளுக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கலாம். எம்டனுக்கு மூன்று, சிட்னிக்கு நான்கு. எம்டன் ஆங்கிலேயக் குரூசரைப்போல் தோன்றுவதற்காகப் போலியாக ஒரு நான்காம் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, 1914 அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலான ஷெம்சுக்கை மூழ்கடித்தது. ஆகையால் என் மேசையிலுள்ள எம்டனுக்குக் கழற்றி மாட்டும்படியாக ஒரு குழாய்த் துண்டு தனியே இருக்கிறது. கொடிமரத்துக்குத் தென்னை ஈர்க்கைச் சீவிக்கொள்ளலாம். பீரங்கிக் குழல்களுக்கு நான் கண்டறிந்தவற்றுள் சிறந்தது பழைய டூத்பிரஷின் இழை. 10.5 செ.மீ. விட்டமுள்ள எம்டனின் பீரங்கி நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுடையது. அதாவது மூன்றரை மி.மீ. இழை.

இரண்டு எச்சரிக்கைகள். தெர்மாகோலில் கப்பல் செதுக்கி அதன்மேல் எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். என் முதல் கடற்படை அப்படித்தான் அழிந்தது: பெயின்டிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று, காலையில் பார்த்தால் செய்தித்தாளின் மேல் சாம்பல் நிறத்தில் மூன்று கொழகொழப்புகள் கிடந்தன. தண்ணீரில் கரையும் பெயின்ட் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பானது. இன்னொன்று மின்விசிறி. ஐஸ்கிரீம் குச்சிக் கப்பல் ஐந்தாம் வேகத்தில் தானாகவே திசை மாறிவிடும். அடியில் ஒரு சிறு இரும்பு வாஷரை ஒட்டிவிட்டால் அசையாது.

தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட பயன் இங்கேதான் இருக்கிறது. எம்டனில் பத்துப் பீரங்கிகள் என்று படிப்பது வேறு, அந்தப் பத்து இழைகளையும் இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக ஒட்டுவது வேறு. அணியத்தில் இரண்டு அக்கம்பக்கமாக, அமரத்தில் இரண்டு அக்கம்பக்கமாக, இடையே பக்கத்துக்கு மூன்று என்று ஒட்டி முடிக்கும்போதே, எந்தப் பக்கம் திரும்பிச் சுட்டாலும் ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் பயன்படாது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். சிட்னிக்கு எட்டுப் பீரங்கிகள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு மூன்று. அதற்கும் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான் கிடைக்கும். பத்து எட்டைவிடப் பெரிது என்று எண்ணிக்கொண்டு உட்காரும் ஆட்டக்காரருக்கும், கப்பலைத் தானே ஒட்டிய ஆட்டக்காரருக்கும் உள்ள வேறுபாடு முதல் சுற்றிலேயே வெளிப்படும். எதிரியை நோக்கி நேராகப் பாய்ந்தாலோ முதுகைக் காட்டி ஓடினாலோ அந்த ஐந்தும் குறைந்துவிடும்; எளிமைக்காக அப்போது இரண்டு பீரங்கிகள் மட்டுமே சுடலாம் என்று விதி வைத்துக்கொள்கிறேன்.

சீட்டில் எழுதிய ஆணை

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் தத்தம் கப்பல் என்ன செய்யப்போகிறது என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டி, எழுதியபடியே நகர்த்த வேண்டும். எழுதியதை மாற்றக் கூடாது. இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் மீதியிருப்பது வெறும் பொம்மை விளையாட்டுதான் என்பது என் கருத்து. எதிரி வலப்பக்கம் திரும்புவான் என்று நம்பி நீங்கள் எழுதியிருப்பீர்கள், அவர் நேராக வந்திருப்பார். கண்ணெதிரே தவறு தெரிந்தும் உங்கள் கையாலேயே கப்பலை அந்தத் தவறான இடத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும்.

திரும்புவதற்கு ஒரு வளையல் போதும். குரூசர் ஒன்று முழுச் சுக்கானில் வட்டமடித்தால் அந்த வட்டத்தின் குறுக்களவு சில நூறு கெஜம் இருக்கும். ஆறு முதல் ஏழு செ.மீ. குறுக்களவுள்ள சாதாரண வளையல் நம் கடலில் 600 முதல் 700 கெஜம் ஆகிறது. வளையலைக் கப்பலின் பக்கத்தில் தொட்டாற்போல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டி வேண்டிய அளவு வளைத்துச் சென்று, மீதித் தூரத்தை அளவுகோலால் நேராக ஓட்ட வேண்டும். வளையலில் கால்பங்கு ஓடினால் கப்பல் ஒரு செங்கோணம் திரும்பிவிடும். அதற்குச் சுமார் 5 செ.மீ. செலவாகும். திரும்பும்போது வேகம் குறையும் என்பதால், கால்பங்குக்கு ஒருமுறை மொத்த நகர்வில் 3 செ.மீ. கழித்துக்கொள்ளலாம். ஆணைச்சீட்டில் ‘இடப்பக்கம், அரைக்கால் வளையல், பிறகு நேர்’ என்று எழுதினாலே போதும்.

எதிரியின் எண்ணம் மட்டுமல்லாமல் எதிரியின் இடமே தெரியாத நிலையையும் இந்த விளையாட்டால் காட்ட முடியும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், லிவர்பூல் நகரில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில், பெரும்பாலும் இளம்பெண்களைக் கொண்ட ஒரு குழு, ஜெர்மானிய நீர்மூழ்கிகளை எதிர்க்கும் வழியைத் தரையில் விளையாடியே ஆராய்ந்தது. பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் துணித்திரைகளுக்குப் பின்னால் அமர்த்தப்பட்டு, சிறு துளை வழியாக மட்டுமே தரையைப் பார்த்தார்கள். காவல் கப்பல்களின் பாதை வெள்ளைச் சுண்ணத்தாலும் நீர்மூழ்கியின் பாதை பச்சைச் சுண்ணத்தாலும் வரையப்பட்டது. திரைக்குப் பின்னிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பச்சைக் கோடு கண்ணுக்குப் புலப்படாது. அங்கே உருவான தற்காப்பு உத்திகள் அட்லாண்டிக் கடலில் நடைமுறைக்கு வந்தன. வீட்டில் இதைச் செய்ய ஒரு நடுவர் வேண்டும் என்பதால், இரண்டாம் மாதத்துக்கு ஒத்திவையுங்கள்.

குண்டு எங்கே விழுந்தது

எதிரியின் கப்பலைக் குண்டு தாக்கியதா என்பதை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் ஒருவரோடொருவர் வேறுபடுகிறார்கள். 1898இல் இங்கிலாந்தில் தம் விளையாட்டை வெளியிட்ட பிரெட் டி. ஜேன் ஒரு மட்டையைப் பயன்படுத்தினார். மேசைப்பந்து மட்டையைப் போன்ற அதன் முகத்தில் ஒரு சிற்றூசி, நடுவில் அல்லாமல் சற்றே விலகி, பொருத்தப்பட்டிருக்கும். எதிரிக் கப்பலின் பக்கத்தோற்றம் வரைந்த அட்டையின்மேல் மட்டையை ஓங்கித் தட்ட வேண்டும். ஊசி குத்திய இடமே குண்டு பாய்ந்த இடம். கொதிகலனில் குத்தினால் வேகம் போகும், பீரங்கியில் குத்தினால் பீரங்கி போகும். கையின் பழக்கத்தைக் குண்டுவீச்சின் பழக்கத்துக்கு ஈடாக வைத்த அவரது கற்பனையை நான் ரசிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் ஊசி மட்டையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

1930களில் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர் நண்பர்களைக் கூட்டி, பால்சா கட்டையில் செதுக்கிய கப்பல்களோடு தரையில் தவழ்ந்து ஆடிய ஆட்டத்தில் ஊசியும் இல்லை, குண்டு பாய்ந்ததைச் சொல்லும் பகடையும் இல்லை. ஆட்டக்காரர் தம் கப்பலருகே கண்ணை வைத்து, எதிரிக் கப்பல் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று வெறுமனே மதிப்பிட்டு எழுத வேண்டும். நடுவர் நாடாவால் அளந்து, எழுதிய தூரத்தில் நீர் தெறித்ததாகக் குறியிடுவார். அந்தப் புள்ளியில் கப்பல் இருந்தால் அடி, இல்லாவிட்டால் கடலுக்குத் தான் அந்த இரும்பு.

தொடங்குபவருக்கு நான் சொல்வது கண் மதிப்பீட்டையும் பகடையையும் கலந்த ஒரு முறை. பிராட்டைப்போல் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுங்கள். தையல்காரர் நாடா 150 செ.மீ. இருக்கும், நம் கடலில் அது 15,000 கெஜம். அதற்கு மேற்பட்ட தூரத்தில் எவரும் சுட வேண்டாம். மதிப்பீடு இரண்டு செ.மீ.க்குள் சரியாக இருந்தால், பீரங்கிக்கு ஒரு பகடை உருட்டி, 5 அல்லது 6 விழுந்தவை எல்லாம் அடி. பிழை மூன்று முதல் ஐந்து செ.மீ. வரை என்றால் 6 மட்டுமே அடி. அதற்கு மேல் தவறினால் ஒன்றும் இல்லை. ஆனால் அளந்தவர் ‘முன்னே விழுந்தது’ என்றோ ‘தாண்டி விழுந்தது’ என்றோ சொல்ல வேண்டும், அளவைச் சொல்லக் கூடாது. உண்மையான பீரங்கி அதிகாரிக்கும் தூரத்தில் எழும்பும் நீர்த்தூண்களைத் தவிர வேறு தடயம் கிடையாது. தெறிப்பு இலக்குக்கு முன்னா பின்னா என்று பார்த்துத்தான் அவர் அடுத்த வேட்டைத் திருத்தினார்.

அடி விழுந்தால் எவ்வளவு சேதம்? சிட்னியின் ஆறு அங்குலக் குண்டு 100 பவுண்டு எடை, எம்டனின் குண்டு ஏறத்தாழ 38 பவுண்டு. ஆகவே சிட்னியின் ஓர் அடிக்கு 5 புள்ளி, எம்டனின் ஓர் அடிக்கு 2 புள்ளி. கப்பல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதன் எடையையே எடுத்துக்கொள்வோம்: 100 டன்னுக்கு ஒரு புள்ளி. 3,600 டன் எம்டனுக்கு 36 புள்ளி, 5,400 டன் சிட்னிக்கு 54. இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எம்டனை ஒழிக்க எட்டு அடி போதும். சிட்னியை ஒழிக்க இருபத்தேழு அடி வேண்டும். இரு பக்கமும் ஐந்தைந்து பகடைதான் உருளுகின்றன, ஆனாலும் சண்டை சமமில்லை. ஒவ்வொரு கால்பங்குப் புள்ளி போகும்போதும் ஒரு பீரங்கியும் கால்பங்கு வேகமும் போய்விடும் என்று சேர்த்துக்கொண்டால், பின்தங்கிய கப்பல் மேலும் பின்தங்குவதும் தெரியும்.

ஒரு சுற்றை அருகிலிருந்து பார்ப்போம். கப்பல்கள் 105 செ.மீ. இடைவெளியில் நிற்கின்றன. எம்டன் நேராக 22 செ.மீ. ஓடுகிறது, சிட்னி இடப்பக்கம் அரைக்கால் வளையல் திரும்பி மீதித் தூரத்தை ஓடுகிறது. இருவரும் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்கள். எம்டன்காரர் 88 என்று எழுதுகிறார், சிட்னிக்காரர் 97 என்று எழுதுகிறார். நாடா 91 காட்டுகிறது. எம்டனின் பிழை மூன்று: ஐந்து பகடையில் இரண்டு ஆறுகள், சிட்னிக்கு 4 புள்ளி சேதம். சிட்னியின் பிழை ஆறு: ஐந்து பீரங்கியும் வீண், ‘தாண்டி விழுந்தது’ என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். அடுத்த சுற்றில் சிட்னிக்காரர் குறைத்து எழுதுவார், ஆனால் எவ்வளவு குறைப்பது? இதற்குள் இரண்டு கப்பல்களும் மறுபடி நகர்ந்திருக்கும்.

உண்மைச் சண்டையும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கியது. அந்தத் தூரத்திலிருந்து எம்டனால் சுட முடியாது என்று சிட்னியின் தலைவர் ஜான் கிளாசப் கருதியிருந்தார். ஆனால் எம்டனின் பீரங்கிகள் அதிக உயரத்துக்கு நிமிரக்கூடியவை, முதல் அடியும் எம்டனுடையதே. வெடிக்காத குண்டு ஒன்று சிட்னியின் தூரமானியில் பாய்ந்து அதை இயக்கியவரைக் கொன்றது. பிறகு கிளாசப் தம் கூடுதல் வேகத்தைக் கொண்டு விலகி நின்று, தமக்குத் தோதான தூரத்திலிருந்தே சுட்டார். எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் டார்பிடோ வீசும் தூரத்துக்குள் நெருங்க முயன்றும் முடியாமல், காலை பதினொன்றே கால் மணியளவில் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவழப்பாறையில் ஏற்றிவிட்டார். எம்டனில் 130க்கு மேற்பட்டோர் இறந்தனர்; சிட்னியில் நால்வர்.

அன்றைய சண்டை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. நம் கணக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள். சிட்னி ஏறத்தாழ 670 குண்டுகள் சுட்டது. என் விதிகளோ பத்துப் பன்னிரண்டு சுற்றில் முடிவைக் கொண்டுவந்துவிடும். இது தெரிந்தே செய்த சுருக்கம். முப்பது சுற்று ஆட அழைத்தால் நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார். நீண்ட ஆட்டம் வேண்டுவோர் 50 டன்னுக்கு ஒரு புள்ளி என்று மாற்றிக்கொள்ளலாம்.

எம்டன் பக்கம் யார் ஆடுவது என்ற சண்டை வராமலிருக்க, வெற்றி என்பதற்கு வேறு பொருள் கொடுக்க வேண்டும். எம்டன் சிட்னியை மூழ்கடித்தாக வேண்டும் என்று விதித்தால் எவரும் ஆட மாட்டார்கள். ஆனால் சிட்னிக்கு 18 புள்ளி சேதம் விளைவித்தாலோ, தரையின் விளிம்பைத் தாண்டித் தப்பினாலோ எம்டனுக்கு வெற்றி என்று வைத்துப் பாருங்கள், ஆட்டம் உயிர் பெறும். இரகசியமாக ஒரே ஒரு டார்பிடோவும் கொடுக்கலாம்: 30 செ.மீ.க்குள் நெருங்கிவிட்டால், ஆணைச்சீட்டில் திசையை எழுதி வீசலாம். அந்தக் கோட்டில் சிட்னி சிக்கினால் 25 புள்ளி. நெருங்கினால் அழிவு, விலகினால் தோல்வி என்ற முல்லரின் இக்கட்டு அப்போதுதான் எம்டன்காரரின் வயிற்றைப் பிசையும். என் அனுபவத்தில் தப்பி ஓட முயல்பவர்கள்தான் விரைவில் தோற்கிறார்கள். முதுகைக் காட்டும்போது சுடக் கிடைப்பவை இரண்டே பீரங்கிகள், துரத்துபவரோ ஒரு சுற்றுக்கு மூன்று செ.மீ. நெருங்கிக்கொண்டே இருப்பார்.

நான்கைந்து முறை இதை ஆடிய பிறகு, 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு அப்பால் நடந்த சண்டைக்குப் போகலாம். ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ ஒரு பக்கம். எக்ஸிட்டர், அஜாக்ஸ், அக்கிலீஸ் என மூன்று குரூசர்கள் மறுபக்கம். நம் அளவில் கிராஃப் ஸ்பீக்கு பதினைந்தரை செ.மீ. மரம் தேவை. அதன் ஆறு பெரும் பீரங்கிகள் 28 செ.மீ. விட்டம் கொண்டவை, குண்டு ஒவ்வொன்றும் 300 கிலோ. இங்கே நம் விதிகள் முனகத் தொடங்கும். எடைக் கணக்குப்படி ஓர் அடிக்கு 33 புள்ளி வரும், 8,400 டன் எக்ஸிட்டர் மூன்றே அடியில் ஒழிந்துவிடும். உண்மையில் அது அப்படிப்பட்ட ஏழு குண்டுகளை வாங்கிக்கொண்டு, பீரங்கிகள் செயலிழந்த நிலையிலும் மிதந்தபடி ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும் பீரங்கிகள் மெதுவாகவே சுடும் என்பதால் அவற்றுக்கு இரண்டுக்கு ஒரு பகடை என்று குறைத்து, அடியின் மதிப்பையும் பாதியாக்கினால் ஓரளவு சரிவரும். ஆனால் அந்தச் சண்டையின் சுவை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து இரு திசைகளிலிருந்து நெருங்கினார்கள். கிராஃப் ஸ்பீயின் ஆறு பீரங்கிகளும் மும்மூன்றாக இரண்டே சுழலும் கூண்டுகளில் இருந்தன. ஆகவே அந்தக் கப்பலை ஆடுபவர் சீட்டில் இனி இன்னொரு வரியும் எழுத வேண்டும்: முன்கூண்டு யாரை நோக்கி, பின்கூண்டு யாரை நோக்கி.